பூட்டின வீட்டுப் பிள்ளைகள்

(இரவுப் பள்ளியில் பெண்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட மாதக் கூட்டத்தில் பேசியது. பேச்சு பெருமளவு அப்படியே தரப்படுகிறது.)



தலித் கவிதையின் இன்றைய போக்கு பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் கவிதை பற்றிப் பேசப்போவதில்லை, மன்னிக்கணும். பாத்திரம் கழுவுவது பற்றியும், வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுவது பற்றியும் பேசப்போகிறேன். 'இயக்கக் கூட்டத்துல என்னடா சமையல் குறிப்பு' என்று அந்தப் பக்கம் சில தோழர்கள் சிரிப்பது தெரிகிறது. சிரிங்க. முடிக்கும்போதும் சிரிக்கிறீங்களான்னு பார்ப்போம்.

காரணம் போன மாதக் கூட்டம்தான். இதே இடத்தில் கூடினோம். 'சாதி ஒழிப்பும் பெண் விடுதலையும்' என்று தலைப்பு. ஆறு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது, வழக்கம்போல ஆறே முக்காலுக்கு ஆரம்பித்தது. ஏழு மணி ஆனதும் பின்வரிசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஏழரைக்கு ஒரு பெண்கூட இல்லை. ஆண்கள் நாங்கள் மட்டும் ஒன்பதரை வரைக்கும் பெண் விடுதலை பேசினோம். நல்லாத்தான் பேசினோம். பேசிவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு இருந்தது, குழம்பு இருந்தது, பிள்ளைகள் தூங்கியிருந்தார்கள். யார் சமைத்தது, யார் தூங்க வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. விடை எல்லோருக்கும் தெரியும். பாதியில் எழுந்து போனவர்கள்தான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எங்கம்மா ஞாபகமாகவே இருந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

*

எங்கம்மா திண்டிவனத்தில் நாலு வீட்டில் வேலை செய்தது. விடியக்காலம் ஐந்தரைக்குக் கிளம்பும். முதல் வீட்டில் வாசல் பெருக்கித் தெளிப்பது, இரண்டாவது வீட்டில் பாத்திரம், மூன்றாவது வீட்டில் துணி. நாலாவது வீட்டில் பொழுது சாயும் வரைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது. அப்பா கட்டட வேலைக்குப் போவார். 1996, 97 வாக்கில் இருக்கும். எனக்கு ஏழு வயசு, அக்காவுக்கு ஒன்பது.

பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் பிரச்சினை இல்லை. லீவு நாளில் எங்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகும். கல்நெஞ்சம் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, முன்னால் லாரி போகிற ரோடு. பூட்டுத்தான் எங்கம்மாவுக்குக் கிடைத்த குழந்தைகள் காப்பகம். ஒரு குடம் தண்ணீர், பழைய சோறு, ஒரு துண்டு ஊறுகாய். கை அகலத்துக்கு ஒரு ஜன்னல்.

அந்தப் பூட்டின வீட்டுக்குள் அக்கா எனக்கு எத்தனை விளையாட்டுக் கண்டுபிடித்தாள் என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. வெளியே நடந்து போகிறவர்களின் காலடிச் சத்தத்தை வைத்து அது யார் என்று சொல்லணும். சரியாகச் சொன்னால் ஒரு புளியங்கொட்டை. ஜன்னல் வழியாக விழுகிற வெயில் தரையில் நகரும் இல்லீங்களா, அந்த வெயில் அடுத்த கரிக்கோட்டைத் தொடுவதற்குள் நூறு வரை எண்ணி முடிக்கணும். நான் எண் கற்றது அப்படித்தான். இன்றைக்கு வங்கியில் உட்கார்ந்து கட்டுக் கட்டாக எண்ணுகிறேன் என்றால் முதல் வாத்தியார் அவள்தான்.

அவளுக்கு ஒன்பது வயசு. அவளும் பிள்ளைதான் என்பது எனக்கு முப்பது வயசுக்கு மேல்தான் உறைத்தது. எட்டாவது முடித்ததும் அவளை நிறுத்திவிட்டார்கள். தம்பி ஒருவன் பிறந்திருந்தான், அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவள் வீட்டோடு இருந்தாள், அம்மா இன்னொரு வீடு சேர்த்துக்கொண்டது, நான் படித்தேன். நான் பட்டதாரி, அவள் எட்டாவது. இதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. மேடையில் ஏறினால் ஊர்க்காரன் எங்களுக்குச் செய்ததை மட்டும்தான் சொல்வேன்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். பூட்டிவிட்டுப் போக மனசு வராமல் அம்மா என்னையும் தூக்கிக்கொண்டு அந்த நாலாவது வீட்டுக்குப் போனது. தோட்டத்துப் பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து என்னைப் படுக்க வைத்தது. உள்ளே வரக்கூடாது. அங்கிருந்து பார்த்தேன். அம்மா அந்த வீட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைந்தது. கடைந்த பருப்பை ஐந்து விரலுக்கும் பங்கு வைத்தது. அப்புறம் ரெண்டு விரலை நண்டு மாதிரி நடக்க விட்டு, கை வழியாக ஏற்றி, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டியது. குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. எங்கம்மாவும் சிரித்தது. எங்கம்மாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் கையில் அது ஒருநாளும் பருப்புக் கடைந்ததில்லை. பாசம் இல்லாமலா? ராத்திரி ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறவளிடம் அதற்கான தெம்பு மிச்சம் இருக்காது. அதை அந்த வீட்டுக்காரர்கள் மாதச் சம்பளத்துக்கு வாங்கிவிட்டார்கள்.

அந்த வீட்டில் எங்கம்மாவுக்குத் தனி டம்ளர். மாட்டுக் கொட்டகை இறவாணத்தில் செருகி வைத்திருப்பார்கள். சமையல்கட்டுக்குள் போகக்கூடாது. ஆனால் குழந்தைக்குச் சோறு ஊட்டலாம், குண்டி கழுவலாம், மடியில் போட்டுத் தூங்க வைக்கலாம். தீட்டு எந்த இடத்தில் நிற்கும், எந்த இடத்தில் ஓடிப்போகும் என்பதை அவர்களுக்கு ஆகவேண்டிய வேலை முடிவு செய்தது.

*

அண்ணல் அம்பேத்கர் 1936இல் லாகூர் மாநாட்டுக்கென்று எழுதி, அவர்கள் பேசவிடாமல் மாநாட்டையே கைவிட்டதால் தானே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூல் நமக்கெல்லாம் பாடம். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்கிறவர்களையே ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிப் பிரிப்பது என்று அதில் விளக்குகிறார். பிறக்கும்போதே உனக்கு இந்த வேலை என்று தீர்மானமாகிவிடுகிறது. நீ விரும்பினாயா, உனக்கு வருமா என்று யாரும் கேட்பதில்லை. நாம் இதை மேடைதோறும் சொல்கிறோம். சரி. இப்போது உங்கள் வீட்டைக் கொஞ்சம் பாருங்கள். பெண்ணாகப் பிறந்தால் விளக்குமாறு, ஆணாகப் பிறந்தால் செய்தித்தாள். இதுவும் பிறப்பால் வருகிற வேலை இல்லையா? ஊர்க்காரன் நம் மேல் வைத்திருக்கிற அதே ஏணியை எடுத்துவந்து நம் குடிசைக்குள்ளேயும் சாய்த்து வைத்திருக்கிறோம்.

1942 ஜூலையில் நாகபுரியில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அண்ணல் பேசியதைப் படித்துப் பாருங்கள். மனைவி கணவனுக்குத் தோழியாகவும் சமமானவளாகவும் நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்ற கருத்தைப் பெண்களிடமே நேராகச் சொல்கிறார். நாம் அதைச் சுவரொட்டியில் போடுகிறோம். வீட்டில் யாராவது மறுத்தால் என்ன செய்கிறோம் என்பது அவரவர் மனசுக்குத் தெரியும்.

நான் கணக்குப் பார்க்கிற உத்தியோகத்தில் இருப்பவன், அதனால் ஒரு கணக்கு. 2019ஆம் ஆண்டு முழுவதும் மத்திய அரசின் புள்ளியியல் துறை, ஜனங்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று நாடெங்கும் கணக்கெடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் கைவைக்கிற பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். செய்கிற பெண் ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிஷம். செய்கிற ஆண், கவனிங்க, செய்கிற ஆண் மட்டும், 97 நிமிஷம். 299 நிமிஷம் என்றால் ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் குறைவு. நம் பெண்களுக்கு அது கூலிவேலைக்குப் போய்விட்டு வந்த பிறகு செய்கிற வேலை. அடுத்தவர் வீட்டில் இதே வேலையை முடித்துவிட்டு, தன் வீட்டில் மறுபடி அதே பாத்திரம், அதே துடைப்பம்.

சட்டம் என்ன செய்தது? அண்ணல் பம்பாய் சட்டமன்றத்தில் 1928இலேயே பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1948 தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் 50 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அதை 30 ஆகக் குறைத்தார்கள். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமும் காப்பகம் கேட்டது. நல்லது. ஆனால் வீட்டுக்கு ஒருத்தியாக வேலை செய்கிற பெண்களை எந்தக் கணக்கில் முப்பது ஆக்குவது? எங்கம்மா வேலை செய்த நாலு வீட்டுக்கும் நாலு முதலாளி. நாலு பேருக்கும் அது தொழிலாளி இல்லை, 'வேலைக்காரி'. 2011இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலைக்காரர்களுக்கென்றே 189ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேர் அதில் பதிந்திருக்கிறீர்கள்? கை தூக்குங்க. ... மூன்று பேர். படிவம் எழுதித் தருகிற வேலையை இந்த வாரமே தொடங்கணும். எழுதத் தெரிந்த நாங்கள் அதற்குத்தான் இருக்கிறோம்.

*

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மற்றவனை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மையில்லை.

நானும் வேலைக்குப் போகிறேன், என் துணைவியும் வேலைக்குப் போகிறார். ரெண்டு பிள்ளைகள். ஒரு அக்காவை வீட்டு வேலைக்கு வைத்தோம். நம்ம ஜனம்தான். எங்கள் வீட்டில் அவர்களுக்குத் தனி டம்ளர் இல்லை, எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. கவிதைகூட எழுதினேன்.

ஒரு மே மாதம் அந்த அக்கா தன் பையனையும் கூட்டிவந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு, வீட்டில் விட ஆள் இல்லை. பையன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை வெளியே உட்காரச் சொல்லவில்லை. யாரும் உள்ளே வா என்றும் சொல்லவில்லை. மூன்று நாள் நான் அவனைத் தாண்டி வேலைக்குப் போனேன், தாண்டி உள்ளே வந்தேன். நாலாவது நாள் ஊரிலிருந்து வந்த எங்கம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது: "ஏன்டா, உன்னாட்டமே ஒரு புள்ள வெளியில குந்தினுகீது, உனக்குக் கண்ணு தெரியலயா?"

தோழர்களே, அந்த இடத்தில் நான் செத்துப்போனேன். டம்ளர் ஒன்றாக இருந்தால் போதுமென்று நினைத்துவிட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்தேனா? இல்லை. உடம்பு முடியாத நாளில் சம்பளம் பிடித்தேனா? பிடித்தேன். எனக்கு வங்கியில் ஞாயிற்றுக்கிழமை லீவு, இரண்டாவது நாலாவது சனிக்கிழமை லீவு, மருத்துவ லீவு, சங்கம், ஊதிய ஒப்பந்தம். எல்லாம் போராடி வாங்கினது என்று மே தினத்தில் பேசுகிறவன் நான். என் வீட்டுக்குள் வேலை செய்கிறவருக்கு அதில் ஒன்றுகூட இல்லை. நாலு காசு பார்த்த தலித்துகள் நாம் எல்லோரும் இதைக் கேட்டுக்கொள்ளணும்.

அன்றைக்கே பையன் உள்ளே வந்தான். என் மகளும் அவனும் முதல் ரெண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை, மூன்றாம் நாள் அடித்துக்கொண்டார்கள், அதற்கப்புறம் பிரிக்க முடியவில்லை. அந்த அக்காவுக்கு வாராவாரம் ஒரு நாள் லீவு என்று முடிவு செய்தோம். அந்த ஒரு நாள் வேலையை யார் செய்வது என்ற கேள்வி வந்தபோதுதான் நம்ம வீரம் வெளியே தெரிந்தது. வழக்கம்போல என் துணைவி செய்தார். நான் 'உதவி' செய்தேன். உதவி என்றால் என்ன அர்த்தம்? வேலை அவருடையது, நான் இரக்கப்படுகிறேன் என்று அர்த்தம். அந்த வார்த்தையை விட எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆனது.

*

விட வைத்தது ஒரு பத்து நாள். துணைவிக்கு வெளியூரில் பயிற்சி. அந்த அக்காவுக்கும் மஞ்சள் காமாலை. நான் லீவு போட்டுவிட்டு ரெண்டு பிள்ளைகளோடு வீட்டில் இருந்தேன். வெளியே விடாமல் மழை. முதல் நாள் சோறு குழைந்தது, பால் பொங்கி வழிந்தது, சின்னவன் குடத்தைக் கவிழ்த்தான், நான் பெரியவளை அடித்துவிட்டேன். அவள் செய்யாத தப்புக்கு. ராத்திரி அவள் தூங்கின பிறகு அவள் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் அக்காவுக்குப் போன் போட்டேன். பூட்டின வீட்டு வாத்தியார் இல்லீங்களா? அவள் சொன்னதையும் நான் தட்டுத்தடுமாறிக் கற்றதையும் ஆண்களுக்காக இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பெண்கள் சிரிக்கலாம்.

முதலாவது, மறுநாள் வேலையில் பாதி முந்தின ராத்திரியே முடியணும். உளுந்தோ கடலையோ ஊறப்போடுவது, காய் நறுக்கி வைப்பது, பாத்திரத்தை மிச்சம் வைக்காமல் கழுவிக் கவிழ்ப்பது. காலையில் கழுவாத பாத்திரத்தோடு எழுந்தால் அந்த நாள் அவ்வளவுதான்.

இரண்டாவது, பிள்ளைகளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு வேலை செய்யலாம் என்று நினைத்தால் வேலையும் நடக்காது, பிள்ளையும் உட்காராது. வேலைக்குள்ளேயே பிள்ளையை விடணும். நாலு வயசுப் பிள்ளை கீரை ஆயும், பூண்டு உரிக்கும், கரண்டியைத் தனியாக டம்ளரைத் தனியாக அடுக்கும். ஒரு பேசினில் தண்ணீரும் ரெண்டு கைக்குட்டையும் கொடுத்தால் அரை மணி நேரம் துவைக்கும். தரை நனையும், நனையட்டும். ஆனால் மகனுக்கும் அதே கீரைதான், மகளுக்கும் அதே கீரைதான். மகளிடம் துடைப்பத்தைக் கொடுத்து மகனிடம் பந்தைக் கொடுத்தால் பழைய கதைதான். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிள்ளை செய்வது விளையாட்டாக இருக்கிற வரைக்கும்தான். அதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வேலைக்கு வைத்துக்கொண்டால் எங்கக்கா கதை ஆகிவிடும்.

மூன்றாவது, காசு போட்டு எதுவும் வாங்க வேண்டாம். புளியங்கொட்டையைப் பாதி உரசி வெள்ளையாக்கினால் தாயக்கட்டை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டால் ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகள் சேர்ந்து நின்றால் புலிக்கு நகர வழியில்லை, ஒன்று விலகினாலும் போச்சு. இந்தப் பாடத்தை எந்த அரசியல் வகுப்பிலும் என் மகளுக்கு இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க முடியாது. ரெண்டு தீப்பெட்டி, ஒரு நூல் இருந்தால் டெலிபோன். நூலை விறைப்பாகப் பிடிக்கணும், தொய்ந்தால் கேட்காது. மழைக்குக் காகிதக் கப்பல். விற்காமல் என் கட்டிலுக்கடியில் கிடந்த நம்ம இதழ்க் கட்டு ஒன்றைப் பிரித்து நாற்பது கப்பல் விட்டோம். ஆசிரியர் தோழர் மன்னிக்கணும். நம் இதழ் இவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான். (சிரிப்பு)

நாலாவது, கதை. ராஜா ராணி கதை தீர்ந்துபோனதும் நான் மகாத் குளத்துக் கதையைச் சொன்னேன். 1927 மார்ச் 20ஆம் தேதி ஆயிரக்கணக்கான பேர் ஊர்வலமாகப் போய் ஒரு குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள், திரும்பும்போது அவர்களை அடித்தார்கள் என்று. சின்னவன் கேட்டான்: "தண்ணி குடிச்சதுக்கா அடிச்சாங்க?" ஆமாம் என்றேன். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, "அப்புறம்?" என்றான். பள்ளிக்கூடத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்த பீம் என்ற பையனின் கதை, பியூன் வராத நாளில் அவனுக்குத் தண்ணீர் இல்லாமல் போன கதை, எல்லாம் பிள்ளைகளுக்குப் புரிகிறது. நாம்தான் அவற்றை மாலை போடுகிற படமாக ஆக்கிவிட்டோம்.

ஐந்தாவது, பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்று உட்கார்ந்து பாருங்கள். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் பிள்ளைகள் நாயக்கராகவும் பண்ணையாளாகவும் வேஷம் போட்டு விளையாடுவது வரும். இன்றைக்கு நம்ம தெருப் பிள்ளைகள் 'வீடு' விளையாடும்போது பாருங்கள். அப்பாவாக நடிக்கிறவன் தள்ளாடிக்கொண்டு வருவான், இல்லையென்றால் கால் மேல் கால் போட்டுச் செல்போன் பார்ப்பான். அம்மாவாக நடிக்கிறவள் மணலில் சோறாக்கிக்கொண்டே திட்டுவாள். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்ததை விளையாடுகிறார்கள். அந்தப் பத்து நாளுக்குப் பிறகு என் மகன் 'வீடு' விளையாடும்போது அப்பாவாகி, பொய்ப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே "இரும்மா, அப்பா வேலையா இருக்கேன்" என்றான். எனக்கு எந்தக் கவிதைக்கும் கிடைக்காத பாராட்டு அது.

செல்போன் என்றதும் ஞாபகம் வருகிறது. பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிடுகிறாள் என்று பெண்களைத் திட்டுகிறோம். ஏன் கொடுக்கிறாள்? ஒரு கையில் அடுப்பு, ஒரு கையில் துணி, பிள்ளையை வாங்கிக்கொள்ள மூன்றாவது கை இல்லை. அந்த மூன்றாவது கை டீக்கடையில் உட்கார்ந்து பெண்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று பேசிக்கொண்டிருக்கிறது.

*

இதற்கு நம் தோழர்கள் வழக்கமாகச் சொல்கிற ரெண்டு பதில் இருக்கிறது.

ஒன்று, 'முதலில் சாதி ஒழியட்டும், சமையல்கட்டுப் பிரச்சினையை அப்புறம் பார்க்கலாம்.' நமக்கு இந்த வாக்கியம் பழக்கமானதுதான். முதலில் சுதந்திரம் வரட்டும், சாதியை அப்புறம் பார்க்கலாம் என்று காங்கிரஸ்காரர்கள் அண்ணலிடம் சொன்னார்கள். முதலில் வர்க்கப் புரட்சி, சாதி அப்புறம் என்று மற்றவர்கள் நம்மிடம் சொன்னார்கள். அந்த 'அப்புறம்' நம்மை எவ்வளவு சுட்டது என்று தெரிந்த நாமே அதை நம் பெண்களுக்குச் சொல்லலாமா?

இரண்டு, 'நாள் முழுக்கக் கல்லும் மண்ணும் சுமந்துவிட்டு வருகிறோம், உடம்பு கேட்காது.' இது நியாயமான பேச்சு, நான் மறுக்கவில்லை. எங்கப்பா சுமந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கூடவே சித்தாளாக அதே கல்லைச் சுமந்துவிட்டு வருகிறவள் உடம்பு மட்டும் எப்படிக் கேட்கிறது? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஆண்களுக்கு வேலை இல்லை, வீட்டில்தான் இருந்தோம். பெண்களை வேலைக்கு வராதே என்றார்கள், பலருக்குச் சம்பளமும் வரவில்லை. ஒன்று முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அத்தனை மாதம் ஆள் எல்லாம் வீட்டில் இருந்தோமே, பெண்களுக்கு வேலை குறைந்ததா, கூடினதா? உடம்பு சோர்வு மட்டும்தான் காரணமென்றால் அப்போதாவது குறைந்திருக்கணும்.

*

கடைசியாக, செய்ய வேண்டியது. தீர்மானம் வேண்டாம், தீர்மானம் நம்மிடம் நிறைய இருக்கிறது.

இந்த இரவுப் பள்ளியில் சனி, ஞாயிறு சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழு வரைக்கும் பிள்ளைகள் விளையாடட்டும். பார்த்துக்கொள்வது ஆண்கள், முறை வைத்து. 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வியிலும் தன்னார்வலர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். பிள்ளை என்றாலே பெண்ணைத்தான் கூப்பிடுகிறோம். இங்கே அப்படி வேண்டாம். தாயக்கட்டம், ஆடுபுலி, பம்பரம், நொண்டி. நம்ம பெரியவர் பறை அடிக்கச் சொல்லித்தருகிறேன் என்கிறார். பையனுக்கும் பொண்ணுக்கும் சொல்லித் தரட்டும். சாவுக்குக் கூப்பிட்டனுப்புகிறவனுக்காக இல்லை, நம்ம சந்தோஷத்துக்காக.

அங்கன்வாடி மூடின பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கள் நம் தெருவில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். இத்தனை காலம் சும்மாவே பார்த்துவிட்டார்கள். வேலைக்குப் போகிற வீடுகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவர்களுக்கு மாதாமாதம் பணமாகக் கொடுக்கணும். மாதச் சம்பளம் வாங்குகிற நாங்கள் பாதியை ஏற்றுக்கொள்கிறோம். கணக்கு நான் எழுதுகிறேன்.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிற நம்மவர்கள் ஒரே டம்ளர், வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு, உடம்பு முடியாத நாளுக்குச் சம்பளம், கூட வருகிற பிள்ளை வீட்டுக்குள் என்ற நாலையும் ஒத்துக்கொள்ளணும். முடியாதென்றால் அவரவர் பாத்திரத்தை அவரவர் கழுவிக்கொள்ளணும். அது இன்னும் நல்லது.

எங்கக்கா இப்போது செய்யாற்றுப் பக்கம் இருக்கிறாள். இதையெல்லாம் பேசப்போகிறேன் என்று போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேசிட்டு மட்டும் வந்துடாதடா" என்றாள்.

மணி ஏழு ஆகப்போகிறது. பெண்கள் யாரும் எழுந்திருக்க வேண்டாம். இன்றைக்குப் பின்னால் அடுப்பில் சோறும் சாம்பாரும் வைத்திருப்பது நம் தோழர்கள் நாலு பேர். உப்பு கூடக் குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளணும், அடுத்த மாதம் சரியாக இருக்கும். இனிமேல் நீங்கள் பேசுங்கள், எத்தனை மணி ஆனாலும் சரி. வெளியே பிள்ளைகள் சத்தம் கேட்கிறது. ஏழு மணிக்கு மேல் பார்த்துக்கொள்ள இன்றைக்கு என் முறை. நான் கிளம்புகிறேன்.

ஜெய்பீம்.